ஆரோக்கியதாஸைச் செதுக்கிய ஐந்து பாட்டு

திண்டுக்கல் மரியநாதபுரத்தில் குடியிருக்கும் ட்ரம்பெட் கலைஞர் ஆரோக்கியதாஸுக்கு அருவருப்பு என்பது ஓர் உணர்ச்சி அல்ல, உடம்பின் ஓர் உறுப்பு. மற்றவர்களுக்குக் கல்லீரல் வலப்பக்கம் இருப்பதுபோல் இவருக்கு அருவருப்பு தொண்டைக்குச் சற்றுக் கீழே இருந்தது. காலைத் தேநீரோடு அது விழித்துக்கொள்ளும். இரவு அவர் தூங்கிய பிறகுதான் அதுவும் தூங்கும்.

ட்ரம்பெட்டின் அடிக்குழாயில், ஊதும்போது சேரும் எச்சிலை வடிப்பதற்கென்று சின்னதாக ஒரு விசை உண்டு. தமக்குப் பிடிக்காத சொல்லை யாராவது சொன்னால் ஆரோக்கியதாஸ் பதில் பேசமாட்டார். அந்த விசையை அழுத்துவார். சொன்னவர் காலடியில் நாலு சொட்டு விழும். பெரும்பாலான விவாதங்கள் அத்துடன் முடிந்துவிடும்.

அவர் அருவருத்தவை பல. கல்யாணங்களில் செண்டை மேளம் வைப்பவர்கள், டிஜே வைப்பவர்கள், வைக்காவிட்டாலும் வைக்கலாமா என்று யோசிப்பவர்கள். விரலால் அமுக்கினால் தானே தாளம் போட்டுக்கொள்ளும் கீபோர்டு. அந்தக் கீபோர்டை அமுக்குகிற மெல்லிசைக் குழு அழகுராஜா. ஆனால் இவை எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு கேள்விக்கு ஈடாகாது. அந்தக் கேள்வி இதுதான்:

"யாருண்ணே போயிட்டா?"

அவர் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் கதவுகள் திறக்கும், தலைகள் நீளும், இந்தக் கேள்வி வரும். கோட்டு போடாமல், கையில் காய்கறிப் பையோடு போனாலும் வரும். ஒருமுறை பல் வலிக்கு மருத்துவரைப் பார்க்கப் போனபோது, காத்திருந்த அத்தனை பேரும் உள்ளே இருக்கும் நோயாளிக்காகக் கவலைப்பட ஆரம்பித்தார்கள். இந்தக் கேள்வியைத் தொழிலாகவே செய்பவர் நாகல் நகர் முக்கில் பூக்கடை வைத்திருக்கும் மாயம்மாள். ஆரோக்கியதாஸின் தலை தெரிந்ததும் கட்டிக்கொண்டிருந்த மல்லிகையைக் கீழே வைத்துவிட்டு ரோஜா மாலைக்கு நாரை எடுத்துவிடுவார். "யாருண்ணே? பெரிய வீடா? எத்தன மால போகும்?" என்பார். வியாபாரம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். அதற்காக அருவருக்காமல் இருக்க முடியுமா?

பங்குப் பள்ளிக்கூடத்து பேண்டில் உயரமான பையன்களுக்கு டிரம்மும், வாய் அகலமான பையன்களுக்கு ட்ரம்பெட்டும் கொடுத்தார்கள். அப்படித்தான் அவர் கலைஞரானார். வளர்ந்து செசிலியா பேண்டு செட்டில் சேர்ந்தார். பிறகு அந்த செட்டே அவர் கைக்கு வந்தது. தொழில் நசிந்துவிட்டது என்று யாராவது நினைத்தால் அது தவறு. தொழில் அமோகமாக நடந்தது. அதுதான் சிக்கல். கல்யாணங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போக, போகாமல் நின்றது சாவு மட்டும். சாவில் யாரும் புதுமை கேட்பதில்லை. ரிமிக்ஸ் கேட்பதில்லை. பேகம்பூருக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தும் தாடிக்கொம்புப் பக்கத்திலிருந்தும் ஆள் வந்து நிற்கும். சாதி, மதம் பார்க்காமல் ஊதுவார். கிறிஸ்தவர் வீட்டுக்குச் சில பாட்டு, மற்ற வீடுகளுக்கு ஐந்து பாட்டு.

அந்த ஐந்துக்கும் செட்டுக்குள் பெயர் கிடையாது, விரல்தான். ஆரோக்கியதாஸ் ஒரு விரலைக் காட்டினால், உடலைக் குளிப்பாட்ட வெளியே கொண்டுவருகிறார்கள் என்று பொருள். அதற்கொரு பாட்டு. சினிமாவில் அது ஒரு தாய் தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடுவது. இரண்டு விரல் என்றால் உறவினர்கள் கோடித்துணி போடும் நேரம். சினிமாவில் அது காதலனுக்காகக் காத்திருப்பவள் பாடுவது. மூன்று விரல் என்றால் தூக்குகிறார்கள். சினிமாவில் புதுமணத் தம்பதி படகில் போகிறார்கள். நான்கு என்றால் தெருமுனை, பெண்கள் நின்றுவிடும் இடம். அது இரண்டு நண்பர்கள் தோளில் கைபோட்டுப் பாடும் பாட்டு. ஐந்து விரலும் விரிந்தால் சுடுகாட்டு வாசல். அங்கே கதாநாயகன் மலை உச்சியில் நின்று வாழ்க்கையைப் பற்றிப் பாடுவான். எந்தப் பாட்டும் சாவுக்காக எழுதப்பட்டதல்ல. ஆனால் திண்டுக்கல்லிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒரு தலைமுறை மக்களின் காதில் ஆரோக்கியதாஸ் அவற்றை ஊதி ஊதி, ஒவ்வொரு பாட்டையும் அதற்குரிய வேலையில் உட்கார வைத்துவிட்டார்.

இப்படி இருக்கையில்தான் ஊரில் பட்டியல் போடும் நோய் வந்தது.

தமிழ்நிலா என்ற இளம்பெண் திண்டுக்கல்லில் கல்யாணங்களுக்கு மேடை, விளக்கு, இசை எல்லாம் ஏற்பாடு செய்து கொடுப்பவர். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கமும் நடத்தினார். அதில் 'என்னைச் செதுக்கிய ஐந்து' என்று ஒரு தொடர் ஆரம்பித்தார். மாவட்டத்தின் இசைக்கலைஞர் ஒவ்வொருவரும் தம்மை உருவாக்கிய ஐந்து பாட்டுகளைச் சொல்ல வேண்டும். அவர் அதைக் கலைஞரின் படத்தோடு பிளேலிஸ்ட்டாகப் போடுவார். கேட்பவர்கள் இதயம் போடுவார்கள்.

தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து, செட்டின் பெரிய டிரம் ஒச்சப்பன் அதைப் படித்துக் காட்டினான். ஒச்சப்பனுக்குத் தலை நரைத்தாலும் ஆரோக்கியதாஸுக்கு அவன் என்றும் 'ஏலே'தான்.

"அண்ணே, நம்ம அழகுராஜா போட்டிருக்கான். ஒண்ணாவது, நார்வே நாட்டு செல்லோ."

"செல்லோன்னா என்னலே?"

"பெரிய வயலினாம். கால் இடுக்குல வச்சு வாசிப்பாகளாம்."

"மேடைக்குப் பின்னால சோத்துக்கு உக்காரும்போது அவன் கால் இடுக்குல என்ன வச்சிருப்பான்னு எனக்குத் தெரியும். பிரியாணிப் பொட்டலம். அடுத்தவன் கேட்டுருவானாம்."

"ரெண்டாவது, ஆப்பிரிக்காப் பாலைவனத்துப் பாட்டு. 'என் தனிமையின் மணல்'னு எழுதியிருக்கான்."

"தனிமையா? அவன் ஒத்தையில கக்கூஸுக்கே போகமாட்டானேலே!"

"நம்ம தவில்காரரு ஜப்பான் மூங்கில் குழல் போட்டிருக்காரு. ரிதம் பேடு வாசிக்கிற தம்பி மழை பேயுற சத்தம் போட்டிருக்கான். இன்னொருத்தரு நாலு பாட்டு போட்டுட்டு அஞ்சாவதுக்கு 'மௌனம்'னு எழுதிட்டாரு."

"மௌனத்த எங்கலே கேட்டாரு? அவரு வீடு பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்லல்ல இருக்கு?"

ஆரோக்கியதாஸ் கையிலிருந்த வடையைப் பார்த்தார். அதிலிருந்து எண்ணெய் வழிந்தது. அந்த எண்ணெயில் அழகுராஜாவின் முகம் தெரிந்தது. வடையைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார். இவர்கள் எல்லோரோடும் அவர் திருவிழா மேடைகளின் பின்னால் உட்கார்ந்து சோறு தின்றவர். ஒருவன் வாயிலாவது நார்வே என்ற சொல் வந்ததில்லை. அழகுராஜாவைச் செதுக்கியது எது என்று கேட்டால் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லலாம்: கீபோர்டில் மேல் வரிசையில் இடமிருந்து நாலாவது பொத்தான். அதை அமுக்கினால் தாளம், கிதார், கைதட்டல் எல்லாம் வரும். அழகுராஜா தலையை மட்டும் ஆட்டினால் போதும்.

"த்தூ" என்றார் ஆரோக்கியதாஸ். ட்ரம்பெட் கையில் இல்லாததால் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் வீட்டில் நிலவரம் வேறாக இருந்தது. மனைவி இஞ்ஞாசியம்மாள் தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். எந்திரத்தின் மேல் ஓர் அழைப்பிதழ். அவருடைய அண்ணன் மகள் கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிறாள், அதற்கான புதுநன்மை விருந்து.

"அண்ணன் வந்திருந்தாரு" என்றார். "மச்சான் வேலையா இருப்பாரு, நீ மட்டும் வான்னு சொல்லிட்டுப் போறாரு."

"எனக்கு அன்னிக்கு ஒரு வேலையும் இல்லியே."

"அது அவருக்குந் தெரியும்."

இதில் விளக்க ஒன்றும் இல்லை. ஆரோக்கியதாஸ் விருந்துக்குப் போனால் பந்தியில் இருப்பவர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்பார்கள்.

"தேங்காய் மண்டி பாண்டியராஜ் மகளுக்குக் கல்யாணமாம்" என்றார் இஞ்ஞாசியம்மாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "எல்லா ஏற்பாடும் அந்தத் தமிழ்நிலா பொண்ணுதான். மாப்பிள்ள அழைப்புக்கு, லிஸ்ட்டு குடுத்தவுகள்ள ஒருத்தரத்தான் எடுக்கப் போவுதாம். கல்யாணப் பொண்ணு கௌசல்யா அத விடாமப் பாக்குமாம்."

"அந்த அசிங்கத்துல நான் போயி..."

"இந்தா பாருங்க. ஒரே ஒரு கல்யாணம். நீங்க முன்னாடி ஊதிக்கிட்டுப் போகணும், பின்னாடி வர்ற ஆளு உசுரோட வரணும். அத நான் கண்ணால பாக்கணும். அப்புறம் எங்கண்ணன் எப்படிக் கூப்பிடாம இருக்காருன்னு பாப்போம்."

ஆரோக்கியதாஸ் ட்ரம்பெட்டை எடுத்து விசையை அழுத்தினார். இஞ்ஞாசியம்மாள் தரையைப் பார்த்தார், பிறகு துடைப்பத்தைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார். ஆரோக்கியதாஸ் தரையைத் துடைத்துவிட்டுத் தமிழ்நிலாவுக்குப் போன் செய்தார்.

தமிழ்நிலா கைபேசியை நிறுத்தி வைக்க முக்காலியோடு வந்தார். திண்டுக்கல்லில் பிறந்து, கோயம்புத்தூரில் படித்து, தெருவில் பிணம் போனால் ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசியைப் போடும் வீட்டில் வளர்ந்தவர். நல்ல பிள்ளை.

"சார், மனசுல இருந்து வரணும். யோசிச்சு மெதுவாச் சொல்லுங்க. உங்களச் செதுக்குன அஞ்சு."

தமிழ்நிலா வருமுன்பே ஒச்சப்பன் இவருக்குச் சில நாடுகளின் பெயர்களைச் சொல்லிக் கொடுத்திருந்தான். ஆனால் கேமராவின் சிவப்புப் புள்ளியைப் பார்த்ததும் ஆரோக்கியதாஸுக்குள் ஒரு மாபெரும் வீம்பு எழுந்தது. ஊரே பொய் சொல்கிறது. நான் சொல்லமாட்டேன். நான் ஒருவனாவது என் உதட்டைக் கேட்டுவிட்டுச் சொல்லப்போகிறேன். உதட்டில் காசளவுக்குக் காய்ப்பு இருந்தது. அது எந்தப் பாட்டால் காய்த்தது என்று அதற்குத் தெரியாதா?

யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கேட்டது ஐந்து. அவரிடம் ஏற்கெனவே ஐந்து இருந்தது, வரிசையோடு.

ஒவ்வொரு விரலாக மடக்கி, சினிமாப் பெயரோடு சொன்னார். எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும், எந்த இடத்தில் வாங்கினால் பாட்டு செத்துவிடும் என்றும் சொன்னார். மூன்றாவதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பாட்டில் நடுவில் ஓர் ஏற்றம் வரும். அதை ஊதும்போது கூட்டமே ஒரு குரலாக அழும். அதைவிட ஒரு கலைஞனுக்கு என்ன வேண்டும்?

தமிழ்நிலா கைபேசியில் ஐந்தையும் தேடிக் கேட்டார். "ஐயோ சார்! தாய்மை, காத்திருப்பு, படகுல ஹனிமூன், நட்பு, கடைசியில தத்துவம். கல்யாணத்துக்குன்னே வரிசை போட்ட மாதிரி இருக்கு! நீங்கதான் சார். முடிவு பண்ணியாச்சு."

பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த வாடை தெரிவதில்லை என்பார்கள். எதிரே நிற்பவன் மூக்கைப் பொத்தினால் அவனுக்கு ஜலதோஷம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆரோக்கியதாஸும் அப்படித்தான். கூடவே உட்கார்ந்திருந்த ஒச்சப்பனும், "அஞ்சும் அருமையான பாட்டுண்ணே, அழுகையே வந்துருச்சு" என்றான். எதற்காக அழுகை வந்தது என்று அவனும் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த சில வாரங்கள் அவர் வாழ்வில் அருவருப்பு சற்று ஓய்வெடுத்த காலம். மாப்பிள்ளை அழைப்புக்கென்று துள்ளலான பாட்டுகளாக எடுத்துப் பயிற்சி செய்தார்கள். ஒச்சப்பனின் கை நிதானத்துக்குப் பழகிய கை. வேகம் கூட்டச் சொன்னால் அவனுக்கு மூச்சு வாங்கியது. "ஏலே, பொணம் ஓடுதுன்னு நெனச்சுக்கிட்டு அடி" என்று ஊக்கப்படுத்தினார். இஞ்ஞாசியம்மாள் கோட்டுகளின் பொன் சரிகையை மாற்றித் தைத்தார்.

கல்யாண மண்டபம் தாடிக்கொம்பு ரோட்டில். முந்தைய நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு. வாசலில் வாழைமரம், தென்னங்குருத்து. பாண்டியராஜ் பட்டு வேட்டியில், தேங்காய் போலவே பளபளத்து நின்றார். மாப்பிள்ளையின் கார் பெருமாள் கோவிலிலிருந்து கிளம்பிவிட்டது. கார் ரோட்டு முனைக்கு வந்ததும் செட்டு அங்கே போய் எதிர்கொண்டு அழைத்து வர வேண்டும். அதுவரை வெளியே புளியமரத்தடியில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். செட்டு நின்றது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், சேலை நலுங்காமல், இஞ்ஞாசியம்மாள் நின்றார். பின்னால் வருகிறவன் உயிரோடு வருவதைப் பார்க்க வந்திருந்தார்.

மண்டபத்துக்குள் தமிழ்நிலா ஒரு பலகை வைத்திருந்தார். அதில் ஆரோக்கியதாஸின் பெரிய படம். 'இன்றைய மாலை, ஒரு கலைஞரைச் செதுக்கிய பாடல்களுடன்.' அந்தப் படத்துக்கு ஒரு மாலையும் போட்டிருந்தார், மரியாதைக்காக. பிறகு ஒலிபெருக்கியில் பிளேலிஸ்ட்டை ஓடவிட்டார்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. தொட்டில் ஆடியது.

மண்டபத்தில் பேச்சுச் சத்தம் குறைந்தது. ஏன் குறைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். ஆண்கள் சிலர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கோத்தபடி வெளியே போய்ச் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் தாழ்ந்த குரலில், "எப்ப எடுக்குறாக?" என்றார். "சொந்தக்காரவுக வந்துரணும்ல" என்றார் மற்றவர். இருவரும் பெருமூச்சு விட்டார்கள். பிறகுதான் தாங்கள் என்ன பேசினோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாவது பாட்டில் பெண்கள் பையிலிருந்த அன்பளிப்புச் சேலைகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தேடினார்கள்.

மூன்றாவது பாட்டின் முதல் வரி வந்தபோது பாண்டியராஜின் மூத்த அக்காள் ஒச்சாயி, மேடைக்குப் பக்கத்து நாற்காலியில் தட்டாம்பயறு சுண்டல் தின்றுகொண்டிருந்தார். தாடிக்கொம்பு வட்டாரத்தில் ஒச்சாயி இல்லாத சாவு சாவாகாது. அந்த முதல் வரி எந்தச் சாவிலும் அவருக்கான அழைப்பு. சுண்டல் தட்டு பறந்தது. ஒச்சாயி எழுந்தார், முந்தானையை இழுத்துச் செருகினார், எதிரே நின்ற முதல் ஆளைக் கட்டிப் பிடித்தார்.

"ஏ... எந்தம்பீ... தேங்காத்தோப்ப அனாதையா விட்டுட்டியே அப்பு..."

கட்டிப் பிடிக்கப்பட்ட ஆள் பாண்டியராஜ்.

"எக்கா! எக்கா, நான் உசுரோட இருக்கேன்க்கா!"

"பொய் சொல்லாத அப்பு!" என்று அலறினார் ஒச்சாயி. சுற்றியிருந்த பெண்கள் அதற்குள் வட்டமாகச் சேர்ந்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகுகூட நிலைமை கைமீறிவிடவில்லை. பாட்டை நிறுத்தினால் சரியாகியிருக்கும். தமிழ்நிலா அதற்காகத்தான் ஓடினார். ஆனால் வெளியே புளியமரத்தடியில் இருந்த ஆரோக்கியதாஸின் காதிலும் மூன்றாவது பாட்டு விழுந்தது. முதலில் அவருக்குப் பெருமையாக இருந்தது. ஆயிரம் பேர் கூடிய கல்யாணத்தில் என்னைச் செதுக்கிய பாட்டு! உள்ளே அழுகைச் சத்தமும் கேட்டது. அந்தப் பாட்டில் அழுகை வருவது அவருக்கு இயல்பாகத்தான் பட்டது. கை தானாக மூன்று விரலைக் காட்டியது.

ஒச்சப்பன் விரலைத்தான் பார்ப்பான், மண்டபத்தைப் பார்க்கமாட்டான். அதுதான் தொழில். டிரம் விழுந்தது, அந்தப் பழைய நிதானத்தில். ட்ரம்பெட் உதட்டுக்குப் போனது. செசிலியா பேண்டு செட் தன் வாழ்நாளிலேயே மிகச் சுத்தமாக அந்த மாலைதான் ஊதியது. நடுவில் வரும் ஏற்றத்தை ஆரோக்கியதாஸ் பிடித்த விதத்தில், சுவரோரம் நின்ற ஆண்களில் நான்கு பேர் தோள் கொடுப்பதற்காக முன்னால் வந்துவிட்டார்கள்.

ரோட்டு முனையில் மாப்பிள்ளையின் கார் திரும்பியது. ஓட்டுநர் பாட்டைக் கேட்டார், துண்டு கட்டிய ஆண்களைப் பார்த்தார், தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். "பாடி போகட்டும் சார், செத்த நேரம் நிப்போம்" என்று சொல்லிவிட்டு, பூ அலங்காரம் எல்லாம் குலுங்க, வண்டியை ரிவர்ஸில் எடுத்துப் பக்கத்துச் சந்துக்குள் விட்டுவிட்டார். மாப்பிள்ளை அங்கிருந்து வெளியே வர நெடுநேரம் ஆனது. உயிரோடுதான் வந்தார். ஆனால் அவருக்கு முன்னால் ஆரோக்கியதாஸ் இல்லை.

ஏனென்றால் அதற்குள் பாண்டியராஜ் அக்காளின் பிடியிலிருந்து கழன்று வாசலுக்கு வந்துவிட்டார். பட்டு வேட்டியில் சுண்டல் ஒட்டியிருந்தது.

"யோவ்! எம் மக கல்யாணத்துல என்னையவே பொணமாக்கிட்டியேய்யா! இன்னும் தூக்குறதுதான்யா பாக்கி!"

ஆரோக்கியதாஸ் அப்போதுதான் தம் விரல்களைப் பார்த்தார். மூன்று விரல் நீட்டியபடியே இருந்தது. அவர் அதை மடக்கினார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இஞ்ஞாசியம்மாள் நின்ற இடத்தில் யாரும் இல்லை. அவர் ஓர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார். பாண்டியராஜ் யாருக்கோ போன் போட்டு, "செண்டை மேளம் எங்கனாச்சும் கெடைக்குமா? இப்பவே!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

வீட்டில் இஞ்ஞாசியம்மாள் கோட்டுகளைத் துவைத்து மடித்து வைத்தார். புதுநன்மை விருந்துக்குத் தனியாகப் போய்விட்டு வந்தார். அங்கிருந்து ஓர் இலைப் பொட்டலத்தில் கறியும் சோறும் கட்டிக் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தார். "அண்ணன் குடுத்துவிட்டாரு" என்றார். ஆரோக்கியதாஸ் ஒரு கவளம் எடுத்தார். வாய் அகலமாக இருந்தும் உள்ளே போகவில்லை.

இதோடு முடிந்திருந்தால் அவர் தம்மைத்தாமே அருவருத்துக்கொண்டு அமைதியாக இருந்திருப்பார். ஆனால் கலை அவரை விடவில்லை. கல்யாணத்துக்கு வந்த யாரோ எடுத்த காணொளி ஊரெல்லாம் ஓடியது. தமிழ்நிலா முதலில் இரண்டு நாள் பயந்து ஒளிந்திருந்தார். பிறகு இதயங்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, 'மணமேடையில் நிலையாமையை நிறுத்திய மகா கலைஞன்' என்று எழுதினார். யாரோ சென்னையிலிருந்து 'துணிச்சல்' என்றார்கள். யாரோ துபாயிலிருந்து அழுதார்கள்.

ஒரு காலையில் ஒச்சப்பன் தேநீர்க் கடையில் கைபேசியை நீட்டினான். அவன் வாயால் படிக்க முடியவில்லை. ஆரோக்கியதாஸே படித்தார்.

கீபோர்டு அழகுராஜா தம்முடைய 'என்னைச் செதுக்கிய ஐந்து' பட்டியலைத் திருத்தி வெளியிட்டிருந்தார். நார்வே இல்லை. ஆப்பிரிக்கா இல்லை. தொட்டில், காத்திருப்பு, படகு, நட்பு, மலை உச்சி. வரிசைகூட மாறவில்லை. கீழே எழுதியிருந்தார்: 'சிறுவயதில் இறுதி ஊர்வலங்களின் பின்னால் வெறுங்காலோடு நடந்தவன் நான். மரணமே என் முதல் குரு.'

"அண்ணே, இவன் சாவு வீட்டுப் பக்கமே வரமாட்டானே. தீட்டுன்னு நம்ம வேன்லகூட ஏறமாட்டானே."

"தவில்காரரு?"

"அவரும் மாத்திட்டாரு. மௌனம் போட்டவரு மட்டும் நாலு பாட்ட மாத்திட்டு, மௌனத்த அப்படியே வச்சிருக்காரு."

ஆரோக்கியதாஸ் தேநீரைக் குடிக்காமல் வைத்தார். இத்தனை வருடத்தில் தொண்டைக்குக் கீழே இருந்த அந்த உறுப்பு இப்படி வீங்கியதில்லை. என் சாவையும் விட்டுவைக்கவில்லையே! ஊரே ஒதுக்கிய பாட்டு, மனைவியின் அண்ணன் வீட்டுப் பந்தியில் எனக்கு இலை போடவிடாமல் செய்த பாட்டு, அதைத் தூக்கித் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு இதயம் வாங்குகிறான். இரவானால் அவன் கல்யாண மேடையில் நாலாவது பொத்தானை அமுக்குவான். அவனை எந்தத் தெருவிலும் யாரும் அந்தக் கேள்வி கேட்கமாட்டார்கள். அவனை மச்சினர்கள் விருந்துக்கு அழைப்பார்கள்.

எழுந்து நடந்தார். வீட்டுக்குக் காய்கறி வாங்க வேண்டியிருந்தது. வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. நாகல் நகர் முக்கைத் தாண்டும்போது மாயம்மாள் மல்லிகையைக் கீழே வைத்தார். நாரை எடுத்தார்.

"யாருண்ணே போயிட்டா?"

எப்போதும் "யாருமில்ல தாயி" என்று முனகிவிட்டுக் கடந்து போவார். அன்று நின்றார். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. சாவைச் சொல்பவனுக்கு முகம் மாறக் கூடாது.

"நம்ம கீபோர்டு அழகுராஜா" என்றார்.

"அடப் பாவமே! சின்ன வயசாச்சே! காலையிலகூடப் போன்ல என்னமோ சாவப்பத்தி எழுதியிருந்துச்சுன்னு பேத்தி காட்டுனாளே!"

"ஆமா. முன்கூட்டியே தெரிஞ்சிருக்கும்போல."

"எத்தன மால போகும்ணே?"

ஆரோக்கியதாஸ் நிதானமாக யோசித்தார். "பெரிய கலைஞன். நெறையப் போகும். கட்டி வையி" என்று சொல்லிவிட்டுக் கத்திரிக்காய் வாங்கப் போனார்.

மாயம்மாள் மாலை கட்டினார் என்றால், வாங்குகிற ஒவ்வொருவரிடமும் காரணத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார். மதியத்துக்குள் பந்தல்காரருக்கு எட்டியது. அவரிடமிருந்து நாற்காலி வாடகைக்காரருக்கு, அவரிடமிருந்து ஐஸ் பெட்டிக்காரருக்கு. திண்டுக்கல்லின் இறுதிச் சடங்குத் துறை முழுவதும், யாரும் அழைக்காமலே, பொறுப்போடு அழகுராஜாவின் தெருவை நோக்கிப் புறப்பட்டது. தாடிக்கொம்பிலிருந்து ஒச்சாயி பஸ் ஏறிவிட்டதாகவும் தகவல்.

சாயங்காலம் ஆரோக்கியதாஸின் கைபேசி அடித்தது. இஞ்ஞாசியம்மாள் தையலை நிறுத்திப் பார்த்தார். ஆரோக்கியதாஸ் ஸ்பீக்கரைப் போட்டுக் கைபேசியை எந்திரத்தின் மேல் வைத்தார்.

"அண்ணே! நான் அழகுராஜாண்ணே! என் வீட்டு வாசல்ல பந்தல் போடுறாங்கண்ணே! மாலையோட நிக்கிறாங்க. ஐஸ் பெட்டிய எறக்கிட்டாங்கண்ணே, கரண்டுக்குப் பிளக்கு எங்கன்னு எங்கிட்டயே கேக்குறான்! உயிரோட இருக்கேன்னா யாரும் நம்பமாட்டேங்கிறாங்க. ஒரு அம்மா வந்து என்னையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது! நீங்க சொன்னதாப் பூக்காரம்மா சொல்லுதே. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே!"

பின்னணியில் ஒச்சாயியின் குரல் ஏறியிறங்கியது. நல்ல தொண்டை.

இஞ்ஞாசியம்மாள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பாண்டியராஜ் வீட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு அவர் சிரிப்பில் தோள் குலுங்குவதை ஆரோக்கியதாஸ் அன்றுதான் பார்த்தார். ட்ரம்பெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விசையை மெதுவாக அழுத்தினார்.

"நான் எதுக்கு அப்பு?" என்றார். "எல்லாம் ஒன்னையச் செதுக்குன பாட்டுத்தான. ஒன் கீபோர்டுலயே போட்டுவிடு. வரிசை மட்டும் மாறாமப் பாத்துக்க."